சுப்பாராவின் ஆய்வு வெளியீடுகளும் மேற்கோள் கணக்கும்: ஒரு மதிப்பீடு

ஓர் ஆய்வாளரின் தகுதியை அவர்தம் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டும், பிறர் அவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்பதைக் கொண்டும் அளப்பது இன்று பொதுவழக்காகிவிட்டது. 2005இல் ஹிர்ஷ் முன்வைத்த எச்-குறியீடு இவ்வழக்கை ஒற்றை எண்ணாகச் சுருக்கியது. ஒருவருடைய கட்டுரைகளுள் இருபது, ஒவ்வொன்றும் குறைந்தது இருபது முறை மேற்கோள் பெற்றிருப்பின் அவருடைய குறியீடு 20 ஆகும். இக்கணக்கு எதை அளக்கிறது, எதைத் தவறவிடுகிறது என்பதை உயிர்வேதியியலாளர் எல்லாப்பிரகட சுப்பாராவின் (1895–1948) வெளியீடுகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சுப்பாராவ் 1923இல் பாஸ்டன் சென்றார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து 1925இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பாஸ்பரசின் அளவை நீலநிறத்தின் செறிவைக் கொண்டு கணிக்கும் முறையை விளக்குவது. மேற்கோள் உலகில் அவர் பெயரை நிலைநிறுத்தியது இதுவே. இதில் வியப்பில்லை. 2014இல் நேச்சர் இதழ் வெளியிட்ட பட்டியலில் முதலிடம் பெற்றதும் ஓர் அளவீட்டு முறைதான். புரதத்தை அளப்பது பற்றி லோரியும் பிறரும் 1951இல் எழுதிய அக்கட்டுரை 3 லட்சத்திற்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றிருந்தது. ஆய்வகத்தில் அளப்பவர் தாம் கையாண்ட முறையைச் சுட்டியாக வேண்டும். அக்கட்டுரையோடு கருத்தளவில் உறவாட வேண்டியதில்லை. ஆகவே இத்தகைய மேற்கோள் பயன்பாட்டின் தடயமே அன்றிச் சிந்தனைத் தாக்கத்தின் சான்று அன்று.

அத்தடயமும் முழுமையானதன்று. 1959இல் பார்ட்லெட் இம்முறையைத் திருத்தியமைத்தார். பின்வந்தோர் பலர் அவரையே சுட்டினர். வேறு சிலர் 'ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை' என்று பெயரை மட்டும் எழுதி, மூலக் கட்டுரையைக் குறிப்பிடாது விடுத்தனர். ஒரு கட்டுரை பெயர்ச்சொல்லாகிவிட்டால் அதன் மேற்கோள் எண்ணிக்கை குறையத் தொடங்குகிறது என்பது இக்கணக்கின் விந்தை.

அதே அளவீட்டுத் திறன்தான் 1927இல் தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டினையும், 1929இல் ஏ.டி.பி.யையும் இனங்காண அவ்விருவருக்கும் உதவியது. (ஏ.டி.பி.யை அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் தனித்தும் கண்டறிந்தார்.) உயிரணுவின் ஆற்றல் பற்றிய பாடம் ஏ.டி.பி. இன்றித் தொடங்குவதில்லை, ஆயின் ஏ.டி.பி. என்று எழுதும் எவரும் 1929ஆம் ஆண்டுக் கட்டுரையை அடிக்குறிப்பில் தருவதில்லை.

1940இல் சுப்பாராவ் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்து அதன் ஆய்வுக்குத் தலைமையேற்றார். அவருடைய பணியின் பெரும்பயன் விளைந்ததும், பெயர் பெரிதும் மறைந்ததும் இங்குதான். ஃபோலிக் அமிலத்தின் அமைப்பையும் தொகுப்பையும் அறிவித்த 1946ஆம் ஆண்டுக் கட்டுரையில் 16 ஆசிரியர்களுள் அவர் ஒருவர். 1948 ஜூனில் சிட்னி ஃபார்பர் குழுவினர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அமினோப்டெரின் தந்து தற்காலிக நலம் கண்டதை அறிவித்தனர். அம்மருந்து லெடர்லியில் உருவானது. கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவ் இல்லை. அதனை அநீதி என உடனே கூறிவிடல் இயலாது. நோயாளிகளுக்கு மருந்தளித்துக் கண்காணித்தோர் அக்குழுவினரே. ஆயினும் மேற்கோள் கணக்கின்படி, புற்றுநோய் மருந்தியலின் அத்தொடக்கத்தில் அவருக்குரிய மதிப்பு சுழியம்.

இதற்கு மாற்றாக எழும் புகழுரைகளும் பிழையற்றவை அல்ல. ஆரியோமைசினைக் கண்டறிந்தவர் அவரே என எழுதுவோர் உளர். அதனைக் கண்டறிந்தவர் பெஞ்சமின் டக்கர். சுப்பாராவ் அவ்வாய்வுப் பிரிவின் தலைவர். பிறர் உழைப்பை அவர் கணக்கில் ஏற்றுவது, எண் செய்த அதே தவற்றைத் தலைகீழாகச் செய்வதாகும்.

இது கடந்தகாலச் சிக்கல் மட்டுமன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், இருவருக்கு மேற்பட்டோர் எழுதிய கட்டுரையில் முதன்மை ஆசிரியருக்கு 70 விழுக்காட்டு மதிப்பையும், ஏனையோர் ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காட்டையும் வழங்குகின்றன. தமிழாய்வாளர்களாகிய நாமும் இவ்விதிகளுக்கு உட்பட்டோரே. இவ்வளவுகோலின்படி 1946ஆம் ஆண்டுக் கட்டுரைக்காகச் சுப்பாராவ் பெறக்கூடியது 30 விழுக்காடு. 1948ஆம் ஆண்டுக் கட்டுரையை அவர் விண்ணப்பத்தில் குறிப்பிடவே இயலாது.