இறவாரத்து முயல்

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில், வேல்ஸ் எல்லைக்கு அருகே, கில்பெக் என்றொரு சிற்றூர். கொஞ்சம் வீடுகள், சுற்றிலும் மேய்ச்சல் நிலம், ஒரு மண்மேட்டின் மேல் இடிந்த கோட்டையின் மிச்சச் சுவர்கள். கோட்டைக்குக் கிழக்கே, 1140 வாக்கில் எழுந்த ஒரு தேவாலயம். ஹியூ என்ற நார்மன் பிரபுவின் ஊர் அது. கட்டடம் மிகச் சிறியது. மூன்று அறைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாதிரி இருக்கும், கடைசி அறை அரைவட்டம். ஆனால் சுற்றி வந்து முடிக்க அரை நாள் வேண்டும். செம்மணற்கல்லில் அப்படி ஒரு செதுக்கு வேலை.

எல்லோரும் முதலில் நிற்பது தெற்கு வாசலில். வாசலுக்கு மேலுள்ள அரைவட்டக் கல்லில் கொடிக்கருக்காய் விரியும் ஒரு மரம். அதை உயிர்மரம் என்கிறார்கள். பக்கத் தூண்களில் பாம்புகள் ஒன்றையொன்று விழுங்கியபடி நெளிகின்றன. இடப்புறத் தூணில் கொடிகளுக்குள் சிக்கி நிற்கும் இரண்டு வீரர்களின் கால்சட்டையைக் கவனியுங்கள். துணியின் மடிப்புகள் வரிவரியாக, சீப்பால் வாரியது போல இறங்கும். இதே மாவட்டத்தில் எயர்ட்ஸ்லி என்ற ஊரிலுள்ள ஞானஸ்நானத் தொட்டியில் சண்டையிடும் மனிதர்களின் உடையிலும் இந்த வரிகள் உண்டு. இரண்டையும் செதுக்கி, பெயர் பொறிக்காமல் போன சிற்பிகளின் பட்டறையை இன்று ஹெரிஃபோர்ட்ஷயர் மரபு என்கிறார்கள். இந்த வரிகள்தான் அவர்களின் கையெழுத்து.

வாசல் பிரமாதம்தான். ஆனால் என் மனம் கிடப்பது இறவாரத்தில். கூரைக்குக் கீழே சுவரைச் சுற்றி வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் தாங்குகற்களில் 80க்கும் மேல் இன்னும் இருக்கின்றன. பாரம் தாங்குவதுதான் அவற்றின் வேலை. அதற்கு வெறும் கட்டைக்கல் போதும். இந்தச் சிற்பிகளோ ஒவ்வொன்றுக்கும் ஓர் உரு கொடுத்தார்கள். சிலுவை தாங்கிய ஆட்டுக்குட்டி, இசைக்கருவி மீட்டுபவன், பன்றி, கட்டித் தழுவிய இருவர், இன்ன விலங்கு என்று சொல்ல முடியாத சில தலைகள். அவற்றின் நடுவே ஒரு நாயும் முயலும். துரத்த வேண்டியதும் ஓட வேண்டியதும் தோளோடு தோள் ஒட்டி நம்மைப் பார்க்கின்றன. நாயின் காது தொங்குகிறது, கண்கள் உருண்டு பெருத்திருக்கின்றன. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கு நுணுக்கம் எட்டாது என்பது செதுக்கியவனுக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் ஆழமாக உளி இறக்கி, மற்றதை விட்டுவிட்டான். எங்கே நிறுத்துவது என்று அறிந்த கை.

இந்த வரிசையில்தான் ஷீலா-ந-கிக் என்றழைக்கப்படும் பெண்ணுருவும் இருக்கிறாள். பெரிய மொட்டைத்தலை, இரு கைகளாலும் தன் பிறப்புறுப்பை விரித்துக் காட்டுகிறாள். காமத்துக்கு எதிரான எச்சரிக்கையா, தீமையை விரட்டும் காவலா, வளத்தின் குறியா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். முகத்தையும் பாருங்கள். அதில் கூச்சம் துளியும் இல்லை.

மேற்குச் சுவருக்குப் போனால், மேலிருந்து முன்னே நீளும் கடல்நாகத் தலைகள் போன்ற உருக்கள். வாய் பிளந்து, நாக்கு சுருண்டிருக்கும். கல்லாக இருந்தும் மரத்தைக் குடைந்த வேலை போலத் தோன்றும். வட ஐரோப்பிய வைக்கிங் மரவேலையின் சாயல் இதில் உண்டு என்பார்கள். தலைகளைக் கண்டபின் மறுக்கத் தோன்றாது.

உள்ளே பீடப்பகுதிக்குப் போகும் வளைவின் இருபுறமும் மும்மூன்று உருவங்கள், ஒன்றின் தலைமேல் ஒன்றாக. அவற்றை விட எனக்குப் பிடித்தது ஞானஸ்நானத் தொட்டி. அகன்ற, கனத்த கல்; அதில் ஓர் உருவமும் இல்லை. இவ்வளவு செதுக்கிய கட்டடத்தில் அந்த வெறுமை கண்ணுக்கு இளைப்பாறல்.

இதே மரபினர் ஷாப்டன் என்ற ஊரில் செதுக்கிய தேவாலயத்தை 18ஆம் நூற்றாண்டில் இடித்து, வளைவுகளை மட்டும் பூங்காவின் மேட்டில் அலங்காரமாக நிறுத்தினார்கள். திறந்தவெளியில் மழையும் பனியும் தின்று, இன்று அங்கே உருவங்கள் கரைந்த தழும்புகளாக நிற்கின்றன. அதை நினைத்தாலே வயிறு எரிகிறது. கில்பெக்கிலோ கல் உறுதியானது. கிட்டத்தட்ட 900 ஆண்டுகளுக்குப் பிறகும் உளி பட்ட விளிம்பு கூர்மையாக இருக்கிறது.

புறப்படுமுன் தெற்கு வாசலுக்குத் திரும்பி வந்து, வலப்புறத் தூணின் அடியில் குனிந்து பாருங்கள். அங்கே இரண்டு புறாக்கள் இருக்கின்றன.