படத்தோடு நின்றுவிட்ட பாடம்

தையற்காரரிடம் கோட்டு தைக்கக் கொடுக்கிறீர்கள். அவர் அளவெடுத்துத் துணியை வெட்டியதும் அழுத்தித் தைத்துவிடுவதில்லை. முதலில் இழையோட்டி, உங்கள் தோளில் போட்டுப் பார்க்கிறார். இறுக்கமாக இருந்தால் அப்போதே பிரித்துச் சரிசெய்கிறார். பொத்தானெல்லாம் தைத்து முடித்த பின்புதான் போட்டுப் பார்ப்பேன் என்றால் துணியும் கூலியும் பாழாகும் அன்றோ? இந்த எளிய அறிவு, பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் மென்பொருள் பொறியியல் பாடத்தில் எப்படித் தொலைந்தது என்பதை இங்கே பார்ப்போம்.

கணிப்பொறி என்ன செய்யவேண்டும் என்று கூறும் ஆணைகளின் தொகுப்பே மென்பொருள். 1960களில் பெரிய மென்பொருள்கள் பல, குறித்த நாளில் முடியவில்லை, செலவும் கைமீறியது. பாலம் கட்டுவோரிடம் உள்ள ஒழுங்கு இத்துறைக்கும் வேண்டும் என்ற எண்ணத்தில், 1968 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியிலுள்ள கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் ஒரு மாநாடு கூடியது. ‘மென்பொருள் பொறியியல்’ என்ற பெயர் பரவியது அதன் பிறகே.

1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், பெரிய மென்பொருள்களை ஆக்கும் பணியை நிர்வகிப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விண்கலப் பயணங்களுக்கான மென்பொருள்களில் பல ஆண்டு உழைத்த அனுபவம் அவருக்கு உண்டு. அக்கட்டுரையில் ஒரு படம் வருகிறது. அமைப்பின் தேவைகள், மென்பொருளின் தேவைகள், பகுப்பாய்வு, வடிவமைப்பு, நிரல் எழுதுதல், சோதனை, பயன்பாடு என 7 பெட்டிகள் படிக்கட்டுப்போல் இறங்குகின்றன. இதுவே பிற்காலத்தில் ‘அருவி முறை’ எனப் பெயர் பெற்றது. நீங்கள் கணிப்பொறியியல் மாணவராயின் இதை வரைந்து மதிப்பெண் பெற்றிருக்கக்கூடும்.

ஆனால் ராய்ஸ் அந்தப் படத்தை வரைந்தது, அதில் உள்ள குறையைச் சுட்டிக்காட்டுவதற்காகவே! அடிப்படைக் கருத்தில் தமக்கு நம்பிக்கை உண்டு என்று கூறும் அவர், அப்படியே செயற்படுத்தினால் அது ஆபத்தானது, தோல்விக்கு வழிவகுப்பது என்றும் எச்சரிக்கிறார். காரணம் தெளிவானது. மென்பொருள் எவ்வளவு வேகமாக ஓடும், நினைவகம் போதுமா என்பவை, கடைசியில் வரும் சோதனையின்போதுதான் முதன்முறையாக அனுபவத்தில் தெரிகின்றன. அங்கே தவறு கண்டால் வடிவமைப்புக்கே, ஏன், தேவைகளுக்கே கூடத் திரும்பவேண்டும். காலமும் செலவும் இருமடங்காகலாம் என்கிறார் ராய்ஸ்.

இதற்கு அவர் கூறும் மாற்றுகள் 5. அவற்றுள் முக்கியமானது, வேலையை இருமுறை செய்வது. முழுப் பணிக்கு 30 மாதம் ஆகுமென்றால், அதில் 10 மாத அளவில் ஒரு முன்மாதிரியைச் செய்து, ஐயமான இடங்களை அதில் சோதித்துவிடலாம் என்று கணக்கும் தருகிறார். வாடிக்கையாளரை இடையிடையே அழைத்துக் கலந்துகொள்ளச் செய்வது மற்றொன்று. தையற்காரரின் இழையோட்டம் இதுதானே!

பின் ஏன் படம் மட்டும் நிலைத்தது? கரும்பலகையில் வரைவது எளிது. தேர்வில் கேட்பதும் திருத்துவதும் அதைவிட எளிது. ஒப்பந்தம் எழுதும் அதிகாரிகளுக்கும் படிப்படியாகப் பணம் வழங்க அது வசதி. இத்தனைக்கும் ராய்ஸின் கட்டுரையில் ‘அருவி’ என்ற சொல்லே இல்லை. 1976இல் பெல், தேயர் என்ற இருவர் எழுதிய கட்டுரையில்தான் அது வருகிறது. அனுபவசாலிகளும் இந்தப் படத்தின் பிடியிலிருந்து தப்பவில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருந்திட்டம் ஒன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ், முதலில் செய்வதைத் தூக்கியெறியத் திட்டமிடுங்கள் என்று 1975இல் எழுதினார். அந்த அறிவுரையும் அருவி முறையை மறைமுகமாக ஏற்றுக்கொண்ட பிழைதான் என்று 1995இல் அவரே ஒப்புக்கொண்டார்.

ராய்ஸ் கூறியதெல்லாம் வேதவாக்கு என்று நாம் சொல்லவில்லை. 50 இலட்சம் டாலர் மதிப்புள்ள மென்பொருளுக்கு 1,500 பக்க விவரக்குறிப்பு வேண்டும் என்கிறார் அவர். அத்தனை பக்கம் எழுதி முடிப்பதற்குள் தேவையே மாறிவிடலாம். கணிப்பொறியில் ஒவ்வொரு நிமிடமும் விலையுயர்ந்ததாக இருந்த காலத்தின் அறிவுரை அது. இன்று ஒரு மாணவர் தம் நிரலை ஒரே நாளில் நூறுமுறை ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் சிந்திக்காமல் எழுதத் தொடங்காதே என்ற அவருடைய வற்புறுத்தல் என்றும் பொருந்தும். ஆகவே, படிகளின் வரிசையைக் கற்பிக்கும் ஆசிரியரைக் குறைகூற முடியாது. வரிசையோடு நிறுத்திக்கொள்வதே குறை.

புதிய முறைகள் வந்துவிட்டனவே எனலாம். 2001இல் 17 பேர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடி, ‘அஜைல்’ என்னும் நெகிழ்வான முறைக்கு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இன்று அதுவும் பாடத்தில் இருக்கிறது. ஆனால் அதன் கூட்டங்களின் பெயர்களையும் பொறுப்புகளின் பெயர்களையும் மனப்பாடம் செய்தால், பழைய படத்துக்குப் பதில் புதிய படம் கிடைத்தது என்பதைத் தவிர வேறு பயன் இல்லை.

படத்தை மட்டும் கற்ற மாணவர், வேலைக்குச் சென்று நடுவழியில் தேவை மாறும்போது திகைக்கிறார். பின்னோக்கிச் செல்வதைத் தம் தோல்வியென்று எண்ணுகிறார். தவறை மறைக்கவும் துணிகிறார். அதன் விலையை அந்த மென்பொருளை நம்பியவர்கள் கொடுக்கவேண்டியிருக்கிறது.

வாசகர்களே, உங்கள் வகுப்பில் அந்த 7 பெட்டிகளும் வரையப்படும்போது, ஆசிரியரிடம் ராய்ஸின் மூலக்கட்டுரையைக் கேளுங்கள். சில பக்கங்களே உள்ளது. ஒரு மாலையில் படித்துவிடலாம். அடுத்து, ஒரு சிறு மென்பொருளைப் பருவத்தின் தொடக்கத்திலேயே அரைகுறையாக எழுதி, அதைப் பயன்படுத்தப்போகும் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் முகம் சுளிக்கும் இடத்தில்தான் உங்கள் உண்மையான பாடம் தொடங்குகிறது.