குப்புறப் படுத்த ஸ்மித்தும் எங்க ஊர் மல்லாட்டைக் கொல்லையும்

ராபின் மெக்கென்சி எழுதிய 'ட்ரீட் யுவர் ஓன் பேக்' (1980) புத்தகத்தை இரண்டாம் முறை படித்தேன். முதல் முறை, நாற்காலியிலேயே உட்கார்ந்து கோடு எழுதிக் கெட்டுப்போன என் இடுப்புக்காக. இந்த முறை அவலூர்பேட்டையில் இருக்கும் அம்மாவுக்காக.

புத்தகத்தின் பின்னால் ஒரு கதை உண்டு. 1956, நியூசிலாந்தின் வெலிங்டன். ஸ்மித் என்ற நோயாளியைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு வேறு வேலையாகப் போகிறார் பிசியோதெரபிஸ்ட் மெக்கென்சி. மேஜையின் தலைப்பக்கம் தூக்கி வைத்தபடி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. முதுகு பின்னால் வளைந்தபடி கொஞ்ச நேரம் கிடந்த ஸ்மித், கால்வலி போயிடுச்சு என்கிறார். அப்போது ஆபத்து என்று கருதப்பட்ட நிலை அது.

அதிலிருந்து வளர்ந்தவைதான் இந்த ஏழு பயிற்சிகள். நாலு பின்னால் வளைவது, மூணு முன்னால் குனிவது. எனக்கு அதைவிடப் பெரிசாப் படுவது ஒரு அடையாளம்: காலில் இருக்கும் வலி மேலேறி இடுப்பின் நடுவுக்கு வந்தால் தொடரலாம், கீழே இறங்கினால் நிறுத்தணும். எங்க பாஷையில் சொன்னா, டீபக்கரை நோயாளி கையிலேயே கொடுப்பது.

ஆனால் டிஸ்க் நகர்வதை வைத்து அவர் தரும் விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1998இல் அமெரிக்காவில் 321 பேரைப் பிரித்து, சிலருக்கு மெக்கென்சி முறை, சிலருக்குக் கைரோபிராக்டிக், மீதிப் பேருக்கு வெறும் கையேடு கொடுத்துப் பார்த்தார்கள். கையேட்டைவிட மற்ற இரண்டும் ஒரு மாத்து கூடுதல், அவ்வளவுதான்.

இருந்தாலும் அம்மாவுக்கு நடந்ததைவிட இது எவ்வளவோ தேவலாம். ஒரு கிளினிக்கில் பத்து நாள் டிராக்‌ஷன், கடைசியில் ஒரு பெல்ட். நாள்பட்ட இடுப்புவலிக்கு இரண்டுமே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது.

நாலாவது பயிற்சியைச் செய்து காட்டினேன். நின்றபடி இடுப்பில் கை ஊன்றிப் பின்னால் வளைவது. அம்மா சிரித்தாள். "மல்லாட்டை புடுங்கறப்போ நாங்க பண்றதுதானேடா இது. இதுக்கா புக்கு?"

மெக்கென்சிக்குத் தெரியாத இடம் இதுதான். குனிந்து வேலை செய்பவர்கள் அடிக்கடி நிமிரணும் என்கிறார், சரிதான். சோபா, கார் சீட்டுக்கெல்லாம் யோசனை சொல்கிறவருக்கு, கூலிக் கொல்லையில் ரெண்டு தடவை நிமிர்ந்தால் "என்னா வேடிக்கை பாக்குற?" என்று குரல் வரும் என்பது தோன்றவில்லை. தன் முதுகுக்கான நேரம் தன் கையில் இருப்பவருக்கே எழுதியிருக்கிறார்.

அம்மா இப்போ வேலைக்குப் போவதில்லை. கயிற்றுக் கட்டில் தொய்யும் என்பதால் பாயில் குப்புறப் படுத்துச் செய்கிறாள். மூணு வாரமாச்சு. கெண்டைக்கால் வரை இருந்த வலி இப்போ தொடையோட நிற்குது.