வண்டின் அடிப்பக்கம்

எகிப்தியர்கள் சாணவண்டை வணங்கினார்கள் என்பது பாதி உண்மை. அதை எழுத்தாகவும் வாசித்தார்கள். 'கெப்பெர்' என்ற அவர்களது வினைச்சொல்லுக்கு ஆகுதல், உருக்கொள்ளுதல் என்று பொருள். அதை எழுதப் பயன்பட்ட சித்திரம் இந்த வண்டு. விடியற்காலைச் சூரியனுக்குக் கெப்ரி என்று பெயர். சாணி உருண்டையிலிருந்து வண்டு தானாகவே பிறக்கிறது என்று அவர்கள் நம்பினார்கள். உண்மையில் அது தரைமேல் உருட்டிப்போவது பெரும்பாலும் இரை. முட்டை இருப்பது மண்ணுக்கடியில், பேரிக்காய் வடிவில் பிசைந்த வேறொரு உருண்டையில். அவதானம் பிழை, அதனால் படிமம் பழுதாகிவிடவில்லை.

ஆனால் ஸ்காரப் தாயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் முதுகோடு நின்றுவிடுகிறார்கள். திருப்பினால் தட்டையான அடிப்பக்கம், எழுதுவதற்கான இடம். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஆமென்ஹோதெப், தன் ஆட்சியின் முதல் பத்தாண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட சிங்கங்களைத் தானே அம்பெய்து கொன்றதாக அங்கே பொறிக்கச் செய்தான். ஆகுதலின் சின்னம் அரசாங்க கெஜட்டாகிவிட்டது. நல்ல படிமம் பொய்க்கும் இடங்கொடுக்கும் என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் தேட வேண்டியதில்லை.

மம்மியின் நெஞ்சில் வைக்கப்பட்ட இதய வண்டு வேறு வகை. இறந்தவனின் இதயம் மாஅத்தின் இறகுக்கு எதிரே நிறுக்கப்படும். அந்த வேளையில் தனக்கு விரோதமாகச் சாட்சி சொல்லிவிடாதே என்று அவன் தன் இதயத்திடமே மன்றாடுகிறான். இதய வண்டில் பொறிப்பது இந்த மந்திரத்தைத்தான். 'இறந்தோர் நூ'லில் இது 30ஆவது. அதே நூலின் 125ஆவது மந்திரத்தில், இன்ன பாவம் செய்யவில்லை, இன்ன பாவம் செய்யவில்லை என்று நீண்ட பட்டியல் வருகிறது. பட்டியல் தெய்வங்களுக்குச் சொல்லப்படுவது; மன்றாடல் தனக்குள்ளேயே நடப்பது. குற்றமற்றவனுக்கு இரண்டாவது எதற்கு? பட்டியலில் ஒரு சமூகத்தின் ஒழுக்கம் தெரிகிறது. மன்றாடலில்தான் ஒரு மனிதன் தெரிகிறான். இலக்கியம் என்று நான் கருதுவது இங்கே தொடங்குகிறது.

ஆனால் இந்த மன்றாடலும் சரக்காயிற்று. பெயருக்கு மட்டும் இடம் விட்டு, மீதியை முன்கூட்டியே பொறித்த இதய வண்டுகள் உண்டு. சிலவற்றில் அந்த இடம் கடைசிவரை நிரப்பப்படவேயில்லை. கல் இருக்கிறது, வேலைப்பாடு இருக்கிறது, மந்திரம் பிழையில்லாமல் இருக்கலாம். பயந்தவன் மட்டும் இல்லை.

கவிதைகளைப் படிக்கும்போது எனக்கு இந்த வெற்றிடம் நினைவுக்கு வருகிறது. முதுகு வழவழப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது விமர்சனம் ஆகாது. திருப்பிப் பார்க்க வேண்டும்.