ஃபஸ்லுர் ரஹ்மானின் ‘இஸ்லாமும் நவீனத்துவமும்’

ஃபஸ்லுர் ரஹ்மான் (1919–1988) ஆங்கிலத்தில் எழுதிய ‘இஸ்லாம் அண்ட் மாடர்னிட்டி’ என்னும் நூல் 1982-இல் சிகாகோ பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. ஷரீஅத் சட்டத்தை இன்றைய வாழ்வில் எப்படிப் புரிந்துகொள்வது என்ற விவாதத்தில் அடிக்கடி பெயர் சொல்லப்படும் நூல் இது. பலரும் இதைச் சட்டச் சீர்திருத்த நூல் என்றே கருதுகின்றனர். உண்மையில் நூலின் பெரும்பகுதி கல்வியைப் பற்றியது. சட்டம் ஏன் தேங்கியது என்ற கேள்விக்கு, அதைக் கற்பிக்கும் இடம் தேங்கியதால்தான் என்று விடை சொல்லும் நூல் என்று இதைச் சுருக்கமாகக் கூறலாம்.

ஆசிரியரின் வாழ்க்கைக்கும் இந்த விடைக்கும் தொடர்பு உண்டு. இன்று பாகிஸ்தானில் உள்ள ஹஸாரா பகுதியில் பிறந்தவர். தேவ்பந்தில் பயின்ற ஆலிமான தந்தையிடமே மத்ரஸா பாடங்களைக் கற்றார். பிறகு லாகூரில் அரபு மொழி முதுகலை, ஆக்ஸ்ஃபோர்டில் இப்னு சீனாவின் ஆன்மக் கோட்பாடு பற்றிய ஆய்வு. டர்ஹம், மெக்கில் பல்கலைக்கழகங்களில் பணிபுரிந்துவிட்டு நாடு திரும்பி, 1962 முதல் இஸ்லாமிய ஆய்வு மத்திய நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். வஹீ பற்றி ‘இஸ்லாம்’ (1966) நூலில் எழுதிய கருத்துக்காகப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1968-இல் பதவி விலகினார். அடுத்த ஆண்டு முதல் இறக்கும்வரை சிகாகோவில் கற்பித்தார்.

இரட்டை நகர்வு

நூலின் மையக் கருத்து ‘இரட்டை நகர்வு’ எனப்படும் முறை. முதலில் இன்றைய காலத்திலிருந்து குர்ஆன் அருளப்பட்ட காலத்துக்குச் செல்ல வேண்டும். ஒரு கட்டளை எந்தச் சூழலில், எந்தச் சிக்கலுக்குத் தீர்வாக வந்தது என்று ஆராய்ந்து, அதன் அடியில் உள்ள பொது நெறியைக் கண்டறிய வேண்டும். அடுத்து, அந்த நெறியுடன் இன்றைய சூழலுக்குத் திரும்பி அதற்கேற்ற சட்டத்தை வகுக்க வேண்டும். வசனங்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சட்டம் எடுத்ததே முற்கால ஃபிக்ஹு அறிஞர்களின் குறை என்பது அவர் வாதம்.

பலதார மணம் இதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று. நான்கு மனைவியர்வரை அனுமதிக்கும் வசனம் (4:3) அனாதைப் பெண்களின் சொத்தைப் பாதுகாவலர்கள் அபகரித்த சூழலில் வந்தது. நீதி செலுத்த முடியாது என்று அஞ்சினால் ஒருத்தி போதும் என்று அதே வசனம் கூறுகிறது. மனைவியரிடையே முழு நீதி செலுத்த இயலாது என்று பின்னர் வரும் வசனம் (4:129) கூறுகிறது. ஆகவே அனுமதி அன்றைய நிலைக்கான சட்டம், ஒருதார மணமே குர்ஆன் இட்டுச்செல்லும் ஒழுக்க இலக்கு என்று முடிக்கிறார். கடன் ஒப்பந்தத்தில் ஓர் ஆணுக்குப் பதிலாக இரு பெண் சாட்சிகள் என்ற விதியையும் (2:282) இவ்வாறே அணுகுகிறார். ஒருத்தி தவறினால் மற்றவள் நினைவூட்டுவாள் என்ற காரணம் வசனத்திலேயே உள்ளது. பெண்கள் வணிகம் பழகிவிட்டால் அந்தக் காரணம் நீங்கிவிடும்.

இவ்விரு இடங்களிலும் முறை நன்றாகவே வேலை செய்கிறது. காரணமும் நிபந்தனையும் வசனத்திலேயே இருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற வாரிசுரிமை விதிக்கு (4:11) அப்படி வெளிப்படையான காரணம் ஏதும் கூறப்படவில்லை. குடும்பத்தைப் பராமரிக்கும் கடமை ஆணுக்கு இருப்பதே காரணம் என்று கொண்டால், சம்பாதித்துக் குடும்பம் நடத்தும் மகளுக்கு என்ன பங்கு? காரணத்தைக் கண்டறிபவர் யார், அவர் கண்டது சரி என்று உறுதிசெய்பவர் யார்? முற்கால அறிஞர்கள் ‘இல்லத்’ எனப்படும் புலப்படும் காரணத்தையும் ‘ஹிக்மத்’ எனப்படும் உள்நோக்கத்தையும் பிரித்து, பொதுவாக முந்தையதன் மீதே சட்டத்தைக் கட்டினர். நோக்கத்தை அவரவர் விருப்பப்படி சொல்லலாம், அது காழியின் கையில் அளவில்லாத அதிகாரத்தைக் கொடுத்துவிடும் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. அந்த எச்சரிக்கைக்கு நூல் போதிய விடை தரவில்லை.

சட்டத்தை யார் ஏற்பது

பாகிஸ்தானின் முஸ்லிம் குடும்பச் சட்ட அவசரச் சட்டம் (1961) ஃபஸ்லுர் ரஹ்மான் இயற்றியதல்ல. ஆனால் அதை உறுதியாக ஆதரித்தவர்களில் அவர் ஒருவர். இரண்டாம் மணத்துக்கு நடுவர் குழுவின் அனுமதி வேண்டும், தலாக்கை உள்ளாட்சி மன்றத் தலைவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும், 90 நாள் கழிந்த பின்னரே அது செல்லும், தந்தையை இழந்த பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் பங்கு உண்டு என்பவை அதன் முக்கிய விதிகள். சட்டத்துக்கு முன்னோடியான ஆணையத்தில் இருந்த ஒரே ஆலிமான இஹ்திஷாமுல் ஹக் தானவி மாறுபட்ட அறிக்கை அளித்திருந்தார். அய்யூப் கானின் இராணுவ ஆட்சி அதைப் பொருட்படுத்தவில்லை.

இதனுடன் ஒப்பிட வேண்டியது 1939-இன் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். ஹனஃபி மத்ஹபில் மனைவி மணவிலக்குப் பெறும் வழிகள் மிகக் குறைவு. கைவிட்டுப் போன கணவனிடமிருந்து விடுபட பஞ்சாபில் சில பெண்கள் மதமே மாறினர். அஷ்ரஃப் அலி தானவி 1930-களின் தொடக்கத்தில் ‘அல்ஹீலத்துந் நாஜிஸா’ எழுதி, இவ்விஷயத்தில் மாலிகி மத்ஹபின் தீர்ப்புகளைப் பின்பற்றலாம் என்றார். அதன் வழியே வந்த 1939 சட்டம் இன்றும் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. தானவி வரலாற்று ஆய்வு முறை எதையும் முன்வைக்கவில்லை. மரபிலேயே இருந்த ஒரு கதவைத் திறந்தார், அவ்வளவே. முஸ்லிம் நீதிபதியே தீர்ப்பளிக்க வேண்டும் என்ற உலமாவின் கோரிக்கை அச்சட்டத்தில் இடம்பெறவில்லை என்ற மனக்குறை இருந்தபோதும், சட்டம் நிலைத்தது. ஃபஸ்லுர் ரஹ்மான் இத்தகைய ‘மத்ஹபு விட்டு மத்ஹபு எடுக்கும்’ முறையை ஒட்டுவேலை என்று குறைத்தே மதிப்பிடுகிறார். கோட்பாட்டளவில் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். கைவிடப்பட்ட மனைவிக்கு உதவியது அந்த ஒட்டுவேலைதான்.

1961 சட்டத்தின் கதை வேறு. தலாக் சொல்லிவிட்டு மன்றத்துக்கு அறிவிக்காத கணவர்கள் பலர். 1979-இல் ஜினா அவசரச் சட்டம் வந்தபின், இத்தா முடிந்து மறுமணம் செய்த பெண்கள் சிலர், முதல் திருமணம் சட்டப்படி முறியவில்லை என்று காட்டப்பட்டு விபச்சாரக் குற்றச்சாட்டுக்கு ஆளாயினர். பெண்ணைக் காக்க வைத்த விதியே அவளைச் சிறைக்கு அனுப்பும் கருவியாயிற்று. நல்ல நெறியைக் கண்டறிந்து சட்டமாக்கினால் போதும் என்ற நம்பிக்கையை இந்த அனுபவம் கேள்விக்குள்ளாக்குகிறது.

கல்வி

நூலின் வலுவான பகுதி இதுவே. இடைக்காலத்தின் பிற்பகுதியில் மத்ரஸாக்கள் ஒரு துறையைக் கற்பிப்பதை விட்டு ஒரு நூலைக் கற்பிக்கத் தொடங்கின. மூலநூலுக்கு உரை, உரைக்கு விளக்கவுரை, அதன் மேல் ஓரக்குறிப்பு என்று அடுக்கு வளர்ந்தது. கேள்வி குறைந்தது என்று விரிவாகக் காட்டுகிறார். நவீனவாதிகளையும் அவர் விடவில்லை. 1961-க்குப் பின் அல்அஸ்ஹரில் மருத்துவம், பொறியியல் துறைகள் சேர்ந்ததைப் போன்ற மாற்றங்கள் இரண்டு கல்விகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தனவே தவிர இணைக்கவில்லை என்பது அவர் மதிப்பீடு. தேவ்பந்துக்கும் அலிகருக்கும் இடையே விழுந்த பிளவை உள்ளிருந்து அறிந்தவரின் குரல் இங்கே கேட்கிறது.

எனினும் இஸ்லாமியக் கல்வி என்று தாம் குறிப்பது உயர் அறிவுப் பயிற்சியையே என்று தொடக்கத்திலேயே வரையறுத்துவிடுகிறார். ஓதுபள்ளியில் அமர்ந்திருக்கும் சிறுவனும், குறைந்த ஊதியத்தில் கற்பிக்கும் உஸ்தாதும், மத்ரஸாவின் வாசலையே காணாத சிறுமியும் நூலில் இல்லை. குடும்பச் சட்டத்தில் பெண்ணுக்காக இவ்வளவு வாதிட்டவர், அந்தச் சட்டத்தைப் படித்து விளக்கும் ஆலிமாவாக அவளைக் கற்பனை செய்யாதது வியப்பளிக்கிறது. அந்த வேலையை ஆமினா வதூத் போன்றோர் பிறகு இதே முறையைக் கையில் எடுத்துச் செய்தனர்.

கராச்சியில் வேர் பிடிக்காத இந்தச் சிந்தனை இந்தோனேசியாவுக்குச் சென்றது. சிகாகோவில் அவரிடம் பயின்ற நூர்ஹோலிஷ் மஜித் அங்கு செல்வாக்குள்ள சிந்தனையாளரானார். மற்றொரு மாணவரான அஹ்மத் ஷாஃபிஈ மாஆரிஃப், நாடெங்கும் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் நடத்தும் முஹம்மதிய்யா இயக்கத்தின் தலைவராக 2005 வரை இருந்தார்.