இசக்கிக்கு எத்தனை ஸ்பெல்லிங்?

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது நாவல் இல்லை, சினிமாவும் இல்லை. ஓர் எக்ஸெல் ஷீட். மாணவர்களின் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், மார்க் எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக நிரப்பி, கம்ப்யூட்டருக்குள் 'அப்லோடு' செய்யச் சொல்லி ஆசிரியர்களிடம் கொடுக்கப்படுகிற காலிப் படிவம். சிரிக்காதீர்கள். உங்கள் பிள்ளையின் ஜாதகத்தைவிட அதன் வாழ்க்கையை அதிகம் தீர்மானிப்பது இந்தக் கட்டங்கள்தான்.

தமிழ்நாட்டில் இதற்கு 'எமிஸ்' என்று பெயர். டெல்லிக்காரர்களுக்கு 'யூடைஸ் பிளஸ்'. 2022-23 முதல் அதில் மாணவர் வாரியாகவே விவரம் கேட்கிறார்கள். அதற்கு மேல் 12 இலக்க 'அபார்' எண். தனியார் பள்ளிகளில் இவை போக, நிர்வாகம் விலைக்கு வாங்கிய மார்க் மென்பொருள் வேறு. ஒரே பையனை நாலு இடத்தில் ஏற்ற வேண்டும். நாலிலும் அவன் ஒரே பையனாக இருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இசக்கிமுத்து, இசக்கியம்மாள், பேச்சிமுத்து, சுடலைமணி, மாடசாமி, நெல்லையப்பன், காந்திமதி. தமிழில் ஒரு குழப்பமும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். இசக்கியை ஒருத்தர் 'ஈ' எழுத்தில் தொடங்குவார், இன்னொருத்தர் 'ஐ' எழுத்தில். பேச்சியின் நடுவே ஒருத்தர் 'டி' போடுவார், ஒருத்தர் போட மாட்டார். ஆதார் எடுத்தவர் காதில் விழுந்தது ஒன்று, பள்ளியில் சேர்க்கும்போது அப்பா சொன்னது வேறொன்று. அபார் எண் வேண்டுமென்றால் பள்ளிப் பதிவும் ஆதாரும் பொருந்த வேண்டும். மென்பொருளுக்கு இசக்கியம்மனைத் தெரியாது. 'பொருந்தவில்லை' என்று சிவப்பில் காட்டிவிட்டுப் போய்விடும்.

அடுத்தது இனிஷியல். வெளிநாட்டு மென்பொருள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். நமக்கோ ஒரே பெயர், முன்னால் ஓர் எழுத்து. கடைசிப் பெயரில் எதைப் போடுவது? ஓர் ஆசிரியர் இனிஷியலைப் போடுவார், அடுத்தவர் அப்பா பெயரை முழுசாகப் போடுவார், மூன்றாமவர் ஒரு புள்ளி வைத்துத் தப்பிப்பார். மூன்றும் நியாயம்தான். ஆனால் ஒரே பள்ளியில் மூன்றும் இருந்தால், கம்ப்யூட்டர் கணக்கில் அவை மூன்று விதமான குடும்பங்கள்.

பழைய கோப்புகளின் கதை தனி. 1999-ல் அரசு டாம், டாப் என்று எழுத்துருத் தரங்களை அறிவித்தது. யூனிகோடு அரசின் தரமாக அறிவிக்கப்பட்டது 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டின்போது. இடையில் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டி வைத்த பட்டியல்களைப் புதிய மென்பொருளில் ஏற்றினால், நெல்லையப்பன் ஏதோ ஐரோப்பிய மொழிச் சாபம் மாதிரித் தெரிவார்.

சரி, எண்ணாவது ஒழுங்காக ஏறுமா? எக்ஸெலுக்கு நீளமான எண்ணைக் கண்டால் ஒரு விஞ்ஞானித்தனம் வந்துவிடும். 12 இலக்க ஆதார் எண்ணைச் சுருக்கி, புள்ளி வைத்து, அடுக்கெண் போட்டுக் காட்டும். அப்படியே 'சிஎஸ்வி' கோப்பாகச் சேமித்தால், திரையில் தெரிகிற சுருக்கம்தான் கோப்பில் எழுதப்படும். மிச்ச இலக்கங்கள் போயே போச்சு. தேதி இன்னும் மோசம். அமெரிக்க முறையில் மாதம் முதலில் வரும். ஜூன் 5-ல் பிறந்த பிள்ளை மே 6-க்குப் போய்விடும். 12-ம் தேதிக்கு மேல் பிறந்தவர்கள் பிழைத்தார்கள், பதின்மூன்றாவது மாதம் கிடையாதே! முன்பு பெரிய வாத்தியார் பள்ளியில் சேர்ப்பதற்கு வசதியாக எல்லோருக்கும் ஜூன் மாதத்தில் பிறந்தநாள் வைத்தார். இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது.

மார்க்குக்கு வருவோம். நாலு தேர்வு. 80, 70, 90, ஒன்றுக்கு ஆப்சென்ட். காலிக் கட்டத்தை மென்பொருள் விட்டுவிட்டால் சராசரி 80. பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் 60. காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு 20 மார்க் அபராதம். இதைப் பற்றி அந்தப் படிவத்தில் ஒரு வரி விளக்கம் இருக்க வேண்டாமா?

கிராமத்து ஆசிரியருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, அதான் இப்படி என்று நினைக்காதீர்கள். மரபணுக்களில் சிலவற்றின் சுருக்கப் பெயர் 'மார்ச்', 'செப்ட்' என்று இருந்தது. எக்ஸெல் அவற்றைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-ல் விஞ்ஞானிகள் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில், 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்ஸெல் கோப்பில் கொரோனா முடிவுகளை ஏற்றப் போய், சுமார் 16,000 நோயாளிகள் கணக்கில் வராமல் போனார்கள். அங்கே வரிகள் விழுந்ததுகூடச் சில நாட்களுக்குத் தெரியவில்லை.

இங்கே வரி விழுந்தால் என்ன ஆகும்? 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்க, ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதற்கு எமிஸ் பதிவைத்தான் பார்க்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வின் பெயர்ப் பட்டியலும் அதிலிருந்துதான் போகிறது. எட்டாம் வகுப்பில் தவறாக ஏறிய ஓர் எழுத்து மார்க் ஷீட்டில் அச்சாகிவிட்டால், அப்புறம் அப்பா கூலிவேலையை விட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியதுதான்.

அதற்காகப் பழையபடி தடிநோட்டே போதும் என்று சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது காகிதத்தின் லட்சணத்தைப் பார்த்தோம். நனைந்த நோட்டைவிட சர்வர் மேல். எமிஸ் தேவைதான். தவறான தகவலைச் சந்தேகமே இல்லாமல் விழுங்கிக்கொள்ளும் அதன் வாயைத்தான் குறை சொல்கிறேன்.

நான் பி.காம். படித்தவன். பழைய பேரேட்டிலிருந்து புதிய பேரேட்டுக்குக் கணக்கை மாற்றும்போது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது மூன்றே விஷயம். ஒன்று, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கூட்டிப் பார். அந்த வகுப்பில் 42 பேர், கணக்கு மார்க்கின் மொத்தம் இவ்வளவு என்று ஏற்றுவதற்கு முன்பே மென்பொருள் கேட்கட்டும். ஏற்றிய பிறகு அதே தொகை வராவிட்டால் கதவைச் சாத்தட்டும். இரண்டு, பழைய பதிவை அழிக்காதே, திருத்தத்தைத் தேதியோடு தனியாக எழுது. யார், எப்போது, எதை மாற்றினார் என்று தெரியட்டும். மூன்று, கணக்கு எழுதுகிறவரே தணிக்கை செய்யக் கூடாது. 40 பிள்ளைகளுக்குப் பாடமும் நடத்தி, ராத்திரி சர்வர் கிடைக்கும்வரை கண் விழித்து, தானே ஏற்றித் தானே சரிபார்க்கச் சொன்னால் எந்த ஆசிரியருக்கும் கை தடுமாறும். எமிஸ் வேலையிலிருந்து விடுவியுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்பதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது.

அந்தத் தணிக்கையை யார் செய்வது? என்னைக் கேட்டால், பெற்றோர். தேர்வு முடிந்ததும் ரேங்க் கார்டு தருகிற மாதிரி, வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளையின் பதிவை ஒரே பக்கத்தில் அச்சடித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் போட்டு வீட்டுக்கு அனுப்பட்டும். தன் பெண்ணின் பெயரைச் சரிபார்க்க இசக்கியம்மாளின் அம்மாவுக்கு எக்ஸெல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்த ஒரு பக்கக் காகிதத்தை அங்கிருந்தே ஆரம்பித்து வைக்கலாமே. அதுவரைக்கும் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக்குப் பள்ளிக்கூடம் போய், எமிஸில் உங்கள் பிள்ளையின் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சண்டை போடாமல்!