வாய்ப்பாகமும் உயிலும்: கரிசல் புஞ்சை கைமாறும் விதம்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் இன்றும் பல குடும்பங்கள் அப்பன் சொத்தை வாயால் பேசி, வாய்ப்பாகமாகவே பிரித்துக்கொள்கின்றன. ஊர்ப் பெரியவர்களும் தாய்மாமனும் பங்காளிகளும் கூடிக் காட்டை நடந்து பார்ப்பார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். சில வீடுகளில் மூத்தவன் பங்கு பிரித்து வைக்க, இளையவன் முதலில் எடுப்பான். எல்லைக்குப் பொழி போட்டதும் பாகம் முடிந்தது. பத்திரமும் இல்லை, பதிவும் இல்லை.

இதை எழுத்தறியாத காலத்து மிச்சம் என்று தள்ளிவிடுவது தவறு. கரிசலில் ஒரே சர்வே எண்ணுக்குள் ஆழக் கரிசலும் இருக்கும், சரளை ஏறிய மேடும் இருக்கும், மழை பிந்தினாலும் ஈரம் காக்கிற பள்ளமும் இருக்கும். பருத்தி எங்கே நிற்கும், உளுந்து எங்கே தேறும் என்பது உழுதவனுக்குத் தெரியும். பத்திரத்தில் ஏக்கரும் செண்டும் மட்டுமே ஏறும். வாய்ப்பாகத்தில் ஒவ்வொரு தரத்து மண்ணிலும் ஆளுக்கொரு துண்டு விழும். வண்டிப்பாதை யார் பங்கு வழியே போகும், கிணறு யாருக்கு எந்த நாளில் என்பதெல்லாம் அங்கேயே தீரும். இளையவன் முதலில் எடுப்பான் என்று தெரிந்தால் மூத்தவன் கோணலாகப் பிரிக்க மாட்டான். இவ்வளவு நுட்பமான நியாயத்தை எந்த நீதிமன்ற ஆணையரும் இரண்டு நாள் பார்வையில் செய்துவிட முடியாது. குடும்பத்துக்குள் வாயால் செய்துகொண்ட ஏற்பாடு செல்லும், அதற்குப் பதிவு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமே 1976-இல் காலே வழக்கில் சொல்லியிருக்கிறது.

ஆனால் பொழி மாறியது தாலுகா அலுவலகத்துக்குத் தெரியாது. பட்டா தாத்தா பெயரிலோ, மூன்று தலைமுறைப் பெயர்களைச் சுமந்த கூட்டுப்பட்டாவாகவோ அப்படியே கிடக்கும். மழை பொய்த்த ஆண்டில் நிவாரணத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் வி.ஏ.ஓ.விடம் அடங்கல் கேட்டுப் போகும்போதுதான் சிக்கல் தெரியும். 2019-இல் பி.எம். கிசான் திட்டம் வந்தபோது ஆண்டுக்கு 6,000 ரூபாய் பெற நிலம் அந்த ஆண்டு பிப்ரவரி 1-இல் விவசாயி பெயரிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். வாய்ப்பாகத்தில் இருபது வருடம் உழுதவன் அந்தக் கணக்கில் விவசாயியே இல்லை. கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகளும் பிறகு சூரிய மின் நிலையங்களும் மானாவாரி நிலத்தைத் தேடி வந்தபோது இன்னொரு தொல்லை சேர்ந்தது. வாங்குபவர் எல்லா வாரிசுகளின் கையெழுத்தையும் கேட்பார். ஒருவர் திருப்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் பேசுவதே இல்லை.

இவையெல்லாம் தாளில் சரிசெய்யக்கூடிய குறைகள். வாய்ப்பாகத்தின் பெருங்குறை வேறு: அந்தக் கூட்டத்தில் மகள் இல்லை. நகை போட்டுச் சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று, அதுவே அவள் பங்கு என்பதுதான் காலங்காலமாகச் சொல்லப்படும் காரணம். நகைக்காகக் கடன் வாங்கிய வீடுகள் உண்டு. அந்தக் கடனை நான் சிறிதாக்கவில்லை. ஆனாலும் மகனின் படிப்புச் செலவையும் வேலைக்குக் கட்டிய பணத்தையும் எவரும் அவன் பங்கில் கழிப்பதில்லை.

சட்டம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. அப்பா தானே சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956 முதலே மகன், மகள், மனைவி, தாய் நால்வருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு நாட்டின் பெரும்பகுதியை முந்திக்கொண்டது: 1989 மார்ச் 25 முதல், அதுவரை மணமாகாதிருந்த மகள்களுக்கும் பிறப்புரிமை. 2005-இல் வந்த மத்தியத் திருத்தம் மணமானவள், ஆகாதவள் என்ற பிரிவையும் நீக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே நடந்து முடிந்த பாகங்களை அந்தத் திருத்தம் தொடவில்லை. ஆனால் பாகம் என்றால் பதிவான பத்திரம் அல்லது நீதிமன்றத் தீர்ப்பு என்று விளக்கமும் வைத்தது. 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், வாய்ப்பாகத்தை அரிதாகவே, அதுவும் அரசு ஆவணங்கள் துணை நின்றால் மட்டுமே ஏற்கலாம் என்றது. பாகம் பிரித்தபோதே தனிப்பட்டா வாங்கித் தீர்வை கட்டிவந்த அண்ணன் தம்பிகளுக்குச் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது. கூட்டுப்பட்டாவோடு நின்றவர்கள் கையில் பொழி மட்டுமே இருக்கிறது.

அப்படியானால் உயில் எழுதிவிடலாமே என்பார்கள். எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு அவர்களும் கையெழுத்திட்டால் போதும், நினைத்தபோது மாற்றலாம். ஆனால் பூர்வீகக் காட்டில் தன் பங்கை மட்டுமே ஒருவர் உயிலில் எழுத முடியும். மொத்தத்தையும் மகன்களுக்கு எழுதி வைத்த அப்பாக்கள் தங்களுக்கு இல்லாததையும் கொடுத்திருக்கிறார்கள்.

உயில் என்றதும் புரொபேட் பேச்சும் வரும். புரொபேட் என்பது, உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் பார்த்துச் சான்றளிப்பது. சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் விசாரணை எல்லைக்குள் எழுதிய இந்துக்களின் உயிலுக்கும் அந்த எல்லையிலுள்ள நிலம், வீடுகளுக்கும் அது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. கோவில்பட்டி நிலத்துக்கு இங்கேயே எழுதிய உயிலுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. இதை வரமாகவே எல்லோரும் பேசுகிறார்கள். செலவும் அலைச்சலும் மிச்சம்தான். ஆனால் எழுதியவர் இறந்த சூட்டோடு, சாட்சிகள் நினைவோடு இருக்கும்போதே உயிலைச் சோதிக்கும் வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது. சோதனை பதினைந்து, இருபது வருடம் கழித்து, நிலத்துக்கு விலை வந்தபின், வழக்காக வரும். உயிலை நிரூபிக்கச் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேற வேண்டும். அப்பாவின் வயதொத்த நண்பர்களையே சாட்சியாகப் போடுவது நம் ஊர் வழக்கம். அதற்குள் அவர்களும் போயிருப்பார்கள். பிறகு கையெழுத்தை அடையாளம் காட்ட ஆள் தேட வேண்டும். உயிலால் பயன்பெறும் மகனே முன்னின்று எழுதியிருந்தால், அந்த ஐயத்தையும் அவனே போக்க வேண்டும் என்று 1958-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாட்சிகளில் ஒருவராவது எழுதுபவரைவிட இருபது வயது இளையவராக, சொத்தில் ஒட்டில்லாதவராக இருப்பது பதிவைவிடப் பெரிய பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

தான செட்டில்மென்ட் இன்னொரு வழி. பதிந்த உடனே நிலம் பிள்ளைக்குப் போய்விடும், பெற்றவர்கள் கை வெறுங்கையாகும். பராமரிப்பதாக நிபந்தனை வைத்து எழுதியும் பிள்ளை கைவிட்டால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். எழுபது வயதில் ஒரு தாய் அந்தப் படியேறும் நிலை வராமலிருக்க, ஆயுள் வரை அனுபவ உரிமையைப் பத்திரத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

என் தேர்வு, வாய்ப்பாகத்தையே பதிவான பாகப்பிரிவினையாக்குவது: பெற்றவர்கள் இருக்கும்போதே, மகள்களும் உட்கார்ந்த கூட்டத்தில். மகள் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறாள் என்றால் அது அவள் வாயால் வர வேண்டும், விடுதலைப் பத்திரமாகப் பதிவாக வேண்டும். குடும்பப் பாகத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தலா ஒரு சதவீதம்தான். அதற்கும் உச்சவரம்பு உண்டு. பணத்தைவிடப் பெரிய தடை உட்பிரிவு. முழு சர்வே எண் கைமாறினால் பட்டா எளிதில் மாறிவிடும். பாகத்தில் எண்ணே உடைவதால் சர்வேயர் வந்து அளந்து கல் ஊன்ற வேண்டும். அவருக்காகக் காத்திருந்தே பல பாகங்கள் வாயோடு நின்றுவிட்டன. இங்கே தை, மாசியில் வெள்ளாமை எடுத்தால் புரட்டாசிப் பட்டம் வரை மானாவாரிக் காடு சும்மாதான் கிடக்கிறது. பங்குனித் திருவிழாவுக்கும் கோடை விடுமுறைக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். வருவாய்த் துறையும் நில அளவைத் துறையும் உட்பிரிவு முகாம்களை அந்த மாதங்களில் ஊர் ஊராக நடத்த வேண்டும். சார்பதிவாளர் அலுவலகமும் அதே வாரத்தில் பாகப் பத்திரங்களுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும்.